அச்செழுத்தும் அளவையும்

தோற்றுவாய்

சைவ சித்தாந்த நூல்களை ஆராய்ச்சி முறையிற் பதிப்பிக்கப் புகுவார், ஏட்டுச்சுவடிகளோடு பழைய அச்சுப் பிரதிகளையும் ஒப்புநோக்குதல் வழக்கமாயிற்று. அது நன்றே. சுவடிகள் பல செல்லுக்கும் நெருப்புக்கும் நீருக்கும் இரையாகி ஒழிந்தமையின், அவற்றைக் கண்ணாரக் கண்டு பதிப்பித்த முன்னோருடைய அச்சுப் பிரதிகளே சிலவிடத்து அச்சுவடிகளின் தானத்தில் நின்று சான்று பகர்கின்றன. ஆயின், அப்பிரதிகளுட் பல முகப்பேடு இழந்தவை. சில முகப்பேடு உடையனவாயினும் ஆண்டு குறியாதவை. வேறு சில பிரபவாதி ஆண்டின் பெயரை மாத்திரம் குறித்தொழிந்தவை. இந்நிலையிற் பதிப்பாசிரியர் சிலர், எழுத்தின் தோற்றத்தால் இது மிகப் பழைய பதிப்பென்று தெரிகிறதென முன்னுரையில் ஒரு வரி எழுதி, அப்பிரதியின் பாடத்தை மூலத்தில் ஏற்றி, ஏனைப் பிரதிகளின் பாடங்களை அடிக்குறிப்பில் இறக்கிவிடுகின்றனர். நூலகப் பட்டியல்களிலும் இத்தகைய உத்தேச ஆண்டுகள் காணப்படுகின்றன. ஒருவர் உத்தேசமாகக் குறித்த ஆண்டை மற்றொருவர் உறுதியாகக் கொண்டு எழுத, அதனை மூன்றாமவர் மேற்கோளாக எடுத்தாளுகின்றனர்.

ஒரு சொல் மூலத்தில் ஏறுவதும் அடிக்குறிப்பில் இறங்குவதும் சிறு காரியமல்ல. காவியத்தில் ஒரு சொல் மாறின் சுவை மாறும். சாத்திரத்தில் ஒரு சொல் மாறின் கொள்கையே மாறும். ஆகலின், எழுத்தின் தோற்றம் என்று காட்டப்படும் அவ்வேது மெய்யேதுவோ, ஏதுப்போலியோ என்று ஆராய்தல் நம்மனோர் கடனாகும்.

இருதிறத்தார் கொள்கை

இப்பொருளில் இருதிறத்தார் உளர். எழுத்தைப் பார்த்த அளவில் ஆண்டு சொல்லிவிடலாம் என்பார் ஒரு சாரார். பெரிய எழுத்தும், நெருக்கமின்றிப் பரந்த வரியும், துதிக்கை போல் வளைந்த ஐகாரமும் கண்டவுடனே நாவலர் காலத்துப் பதிப்பென்பர். மற்றொரு சாரார், அச்செழுத்து ஈயத்துண்டு. அதனை ஆராய்தல் வார்ப்புத் தொழிலாளர்க்குரிய காரியம். சாத்திரம் கற்றார்க்கு அதனாற் பயனில்லை என்பர்.

இவ்விரு கொள்கையும் பொருந்தா. முன்னையது அளவையிறந்து செல்வது. பின்னையது அளவையையே கைவிடுவது. அச்செழுத்து ஒரு சான்றே. ஆயின் அதற்கு வரம்புண்டு. அவ்வரம்பை அறியவேண்டின், எழுத்துப் பிறக்குமாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

எழுத்துப் பிறக்குமாறு

உருக்குக் கோலொன்றன் நுனியில் எழுத்தினை இடவல மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவர். அக்கோலைச் செப்புத் துண்டின்மேல் வைத்து அறைய, அதில் எழுத்துப் பள்ளமாகப் பதியும். அப்பள்ளத்தை அடியாக வைத்து, ஈயக் கலவையை உருக்கி வார்க்க, அச்சிடுதற்குரிய எழுத்துத் துண்டுகள் வேண்டியவளவு பிறக்கும். ஆகவே, உருக்குக்கோல் ஒன்று. அதனாற் பிறக்கும் செப்புப் பள்ளம் பல. ஒவ்வொரு பள்ளத்தினும் பிறக்கும் ஈயவெழுத்து ஆயிரக்கணக்கின.

இம்முறையினின்று மூன்று உண்மைகள் பெறப்படும். ஒரு செதுக்காளன் செய்த எழுத்துவடிவம் பல ஊர் அச்சுக்கூடங்களிலும் ஒருங்கே வழங்கலாம் என்பது ஒன்று. உருக்குக்கோலும் செப்புப் பள்ளமும் கெடாதிருக்குமளவும் அவ்வடிவம் தலைமுறை தலைமுறையாக வார்க்கப்படலாம் என்பது இரண்டு. ஒரே வடிவத்தைச் சிறிய உடலின்மேலும் பெரிய உடலின்மேலும் வார்க்கலாமாகலின், வரி நெருங்குவதும் விரிவதும் கொண்டு வடிவம் வேறென்று கூறலாகாது என்பது மூன்று. எழுத்தைக் கண்டவுடன் அச்சுக்கூடமும் ஆண்டும் கூறுவார் இம்மூன்றனையும் மறந்தவரேயாவர்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று, ஆங்குச் சூடாமணி நிகண்டுரையினையும் சௌந்தரியலகரி யுரையினையும் அச்சிடுவித்து, அச்சியந்திரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார் என்பது அவர் வரலாறு கற்றார் அறிந்தது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அக்காலத்தே பிறந்த இரண்டு நூல்களின் எழுத்து ஒத்திருந்தால், அவ்வொப்புமை ஒன்றே கொண்டு இரண்டும் ஒரே கூடத்தில் அச்சாயின எனல் எங்ஙனம் கூடும்? எழுத்து ஒப்புமை வார்ப்பிடத்தைக் காட்டும். அச்சிட்ட இடத்தைத் தானாகக் காட்டாது.

தமிழச்சின் படிவரலாறு

தமிழெழுத்தால் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்தவற்றுட் பழையது, கொல்லத்தில் 1578 ஆம் ஆண்டு ஹென்றீக்கஸ் பாதிரியார் வெளியிட்ட தம்பிரான் வணக்கம். பதினாறே பக்கமுள்ள அச்சிறு நூலின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அது கிறித்தவ நூலாயினும், நம் ஆராய்ச்சிக்கு ஓர் அரிய செய்தி தருகின்றது. 1577 இல் கோவையில், அஃதாவது போர்த்துக்கேசியர் ஆண்ட கோவாவில், வார்த்த எழுத்துக்களையும், 1578 இற் கொல்லத்தில் வார்த்த எழுத்துக்களையும் அதன் இறுதிப் பக்கம் வெவ்வேறாகக் காட்டி நிற்கின்றது. இது வார்ப்பு, அது வார்ப்பு என்று பகுத்தறியும் முயற்சி தமிழச்சோடு உடன்பிறந்தது என்பது இதனால் விளங்கும்.

பின்னர் 1713 இல், செருமானிய தேசத்து ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கினமையின், அங்கேயே சிற்றெழுத்துக்கள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகடுகளை உருக்கி அவற்றை வார்த்தனர் என்பர். 1714, 1715 ஆம் ஆண்டுகளிற் சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு அங்கே அச்சாயிற்று. 1761 இற் புதுச்சேரி வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட அச்சியந்திரம் சென்னை வேப்பேரிக்கு வந்தது. 1812 இற் சென்னையில் மாசத்தினசரிதை அச்சுக்கூடத்தில் ஞானப்பிரகாசர் என்பவரால் திருக்குறள் மூலம் அச்சேறியது. 1835 இல் மெட்காப் துரை காலத்துச் சட்டத்தால் அச்சுக்கூடத்தார்க்கு இருந்த தடை நீங்க, நம்மவர் நடத்திய கூடங்கள் பெருகின. சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பார் திருந்திய வடிவிற் சிறிய எழுத்துக்களைச் செய்வித்தார். 1862 இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி அக்கூடத்தின் திறத்துக்குச் சான்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் சிந்தாதிரிப்பேட்டைச் சிவஞானபோத யந்திரசாலையினின்று கொன்றைமாநகரம் சண்முகசுந்தர முதலியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தை அறுவர் உரையோடு வெளியிட்டார். ஆகமங்கள் கிரந்த எழுத்தில் அக்கூடத்தினின்றே வெளிவந்தன.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? ஒவ்வொரு கூடத்தும் ஒரே காலத்திற் பழைய வார்ப்பும் புதிய வார்ப்பும் கலந்து கிடந்தன என்பது. புதிய எழுத்து வாங்கிய கூடத்தார் பழையதை விற்பர். அதனைப் பொருள் குறைந்த சிறு கூடத்தார் வாங்கி, மேலும் பல்லாண்டு வழங்குவர். ஆகலின் தேய்ந்த பழைய எழுத்து, பழைய நூலுக்கு அடையாளமாதலினும் வறிய கூடத்துக்கு அடையாளமாதல் பெரும்பான்மை.

எழுத்து வடிவமும் பாடமும்

இனி, சாத்திரம் கற்றார்க்கு இதனாற் பயனென்னை என்பாரை நோக்கிக் கூறுதும்.

ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேற்றுமை இல்லை. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் முதலாயினோர் விதியாயினும், எழுதுவோர் அப்புள்ளியை விடுத்தமையின் குறிலும் நெடிலும் ஒன்றாயின. நெடிலுக்கு வேறு வடிவம் காட்டியவர் 18 ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் என்பர். அச்சுத் தோன்றியவுடன் இம்மயக்கங்கள் ஒழிந்துவிடவில்லை. பழைய அச்சுக்கள் சுவடி வழக்கையே பின்பற்றின. காலுக்கும் ரகரத்துக்கும் ஓரெழுத்தே வார்த்த வார்ப்புக்களும் இருந்தன. இவ்வேறுபாடுகளெல்லாம் அச்சில் நிலைபெற்றது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியேயாம்.

இதனால் விளையும் இடர்ப்பாட்டைச் சில சொற்களில் வைத்துக் காண்க. காலும் ரகரமும் ஒன்றாயவழி, நம்பியாரூரர் வரலாற்றில் வரும் பரவை என்னும் பெயரும், பாவை என்னும் பொதுச்சொல்லும் ஒரே வடிவின. காரணம் என்பது ககரத்தின்பின் ஒரே வடிவம் இருமுறை அடுத்து நிற்கும்; அவற்றுள் ஒன்றை மிகையென்று கருதி அச்சுக்கோப்போர் விடுத்தால் அது கரணம் ஆகும். காரணமும் கரணமும் நம் சாத்திரத்தில் வெவ்வேறு பொருளின. மாயை உலகுக்கு முதற்காரணம் என்பதற்கும், தநு கரண புவன போகங்களுள் ஒன்றாய கரணம் என்பதற்கும் உள்ள தூரம் சொல்ல வேண்டுவதில்லை. எகர ஏகாரம் ஒன்றாயவழி, மேற்கோளை அடுத்து நிற்கும் ஏது என்னும் அளவையுறுப்பு, எது என்னும் வினாவாய்விடும். பேறு என்னும் பெயர் பெறு என்னும் ஏவலாய்விடும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. புள்ளியில்லாத எழுத்தில் அந்நியம் என்பதற்கு நகரம் இரண்டு அடுத்து வரும். அநந்நியம் என்பதற்கு மூன்று அடுத்து வரும். ஒரு நகரம் குறையின், இறைவனோடு உயிர் பொருளால் வேறாயினும் கலப்பால் வேறின்றி நிற்கும் என்னும் அத்துவித உண்மை மறைந்து, உயிர் முற்றும் வேறென்னும் பேதவாதம் மூலத்திற் புகும். ஓர் ஈயத்துண்டு விழுந்தமையால் ஆசிரியர் பேதவாதியாவர். இவ்வாறு நேரக்கூடும் என்பதை அறிந்தவர், ஈயத்துண்டை ஆராய்தல் வீண் என்று கூறார்.

ஈண்டுத்தான் எழுத்தடையாளம் பாடத்துக்கு உதவுகின்றது. ஒரு பழைய பிரதியிற் பரவை என்று படிக்கத்தக்க வடிவம் இருப்பதாகக் கொள்வோம். அப்பிரதியின் எழுத்து வார்ப்பிற் காலும் ரகரமும் ஒன்றாயின், அப்பிரதி பரவைக்கும் சான்றன்று, பாவைக்கும் சான்றன்று. சுவடியின் மயக்கத்தை மயக்கமாகவே நம்மிடம் ஒப்புவித்தது அவ்வளவே. வார்ப்பில் இரண்டும் வேறாயின், அச்சிட்டவர் இரண்டனுள் ஒன்றைத் தெளிந்து தேர்ந்தார் என்பது பெறப்படும். ஆண்டு அது பாடமாம். அதன் வன்மை தேர்ந்தவருடைய கல்வியின் அளவிற்று. நாவலர் பதிப்புக்கள் மதிக்கப்படுவது அவருடைய கல்வியும் பரிசோதனையும் பற்றியேயன்றி, எழுத்துப் பழைமை பற்றியன்று.

ஆகவே, பழைய பிரதியே சிறந்தது என்பதும் தவறு. திருந்திய பிற்காலப் பிரதியே சிறந்தது என்பதும் தவறு. முன்னது பேசாத சான்று. பின்னது பேசுகின்ற, ஆயின் பிழையும் பேசக்கூடிய சான்று. எது எத்தகைய சான்று என்பதை அறிவிப்பது எழுத்து வார்ப்பின் ஆராய்ச்சியே.

அற்றேல், வார்ப்பிற் புள்ளி உண்டா இல்லையா என்று எங்ஙனம் அறிவது எனின், நூன்முழுதும் பார்த்தல் வேண்டும். தலைப்பிலோ, பாயிரத்திலோ, பிழைதிருத்தப் பட்டியலிலோ ஓரிடத்துப் புள்ளியெழுத்து வந்தாலும், கூடத்தில் அது இருந்தது என்பது தேற்றம். பிறவிடங்களில் இல்லாமை அச்சுக்கோத்தவர் சுவடியைப் பின்பற்றியமையாலாயிற்று எனக் கொள்க. துணைக்காலைத் தேர்தற்குக் காரணம் என்பது போலக் காலும் ரகரமும் அடுத்து வரும் சொற்களே உரைகல்.

தன்னியல்பும் பொதுவியல்பும்

சிவஞானசித்தியார் அளவையியலிற் பொருளினியல்பு தன்னியல்பு, பொதுவியல்பு என இரண்டாகக் கூறப்பட்டமை நம்மவர் அறிவர். அயற்சாதியின் நீக்கித் தன் சாதியோடு ஒப்ப நிறுத்துவது பொதுவியல்பு. அயற்சாதியினின்றும் தன் சாதியினின்றும் நீக்கித் தன்னையே காட்டுவது தன்னியல்பு. எழுத்தாராய்ச்சி முழுதும் இப்பாகுபாட்டினுள் அடங்கும்.

எழுத்தின் வடிவம் பொதுவியல்பு. அது ஹாலே வார்ப்பை ஹண்ட் வார்ப்பினின்று நீக்கும். ஆயின் ஒரே வார்ப்பை வழங்கிய பத்துக் கூடங்களைத் தம்முட் பிரித்துக் காட்டாது. மேனாட்டார் 15 ஆம் நூற்றாண்டின் அச்சு நூல்களை ஆராய்ந்த முறையும் இவ்விடத்தே தொடங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்து ராபர்ட் பிராக்டர் எழுத்து வார்ப்புக்களைக் கொண்டு அந்நூல்களைக் கூடவாரியாக வகுத்து 1898 இற் பட்டியல் வெளியிட்டார். செருமானியராகிய ஹேப்ளர் 1905 முதல் வெளியிட்ட தொகுதிகளில், பேரெழுத்து எம் என்பதன் வடிவ வேற்றுமையினையும், இருபது வரி கொண்ட பகுதியின் மில்லிமீட்டர் அளவினையும் இரண்டு திறவுகோலாகக் கொண்டார். இருபது வரியை அளப்பது ஏனெனின், ஒரு வரியளவிற் காணாத நுண்ணிய வேற்றுமை இருபது வரியிற் பெருகித் தோன்றும் என்பது பற்றி. ஈர்ந்தாளில் அச்சிட்டு உலர்த்துங்கால் தாள் சுருங்கும். வரிகளினிடையே ஈயத் தகடு இடின் அளவு பெருகும். இவ்விரண்டையும் கருதி, ஒரு பக்கத்தளவு கொள்ளாது பல பக்கம் அளத்தல் வேண்டும்.

தன்னியல்பாவது யாதெனின், சிதைந்த ஈயத்துண்டு. ஒரு ணகரத்தின் சுழி உடைந்தும், ஒரு கொம்பின் நுனி வளைந்தும் போமாயின், அச்சிதைவு அவ்வொரு துண்டுக்கே உரியது. உலகத்தில் வேறெந்த ணகரமும் அவ்வாறே உடைந்திராது. ஆண்டு குறித்த நூலொன்றிலும் ஆண்டு குறியாத நூலொன்றிலும் அதே சிதைந்த துண்டு பன்முறை வருமாயின், இரண்டும் ஒரே எழுத்துப் பெட்டியினின்று பிறந்தன என்று துணியலாம். அவ்வாறு ஒன்றல்ல, பல துண்டுகள் ஒத்துவரின் துணிபு வலியுறும். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 ஆம் ஆண்டுப் பதிப்பை ஹின்மன் என்பார் சிதைந்த எழுத்துக்களைப் பின்தொடர்ந்தே ஆராய்ந்து, அந்நூல் எந்த வரிசையில் அச்சாயிற்று என்பதை 1963 இல் வெளியிட்டார். நம் தேவார திருவாசக சாத்திரப் பதிப்புக்களுக்கும் அத்துணை உழைப்பு வேண்டாவோ?

அநுபலத்தியின் எல்லை

ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூவகைப்படும். காரிய ஏது உறுதியுடையது. புகை உளதாயின் நெருப்பு உளது. அவ்வாறே, ஒரு நூலில் ஒரு வார்ப்பு உளதாயின், அந்நூல் அவ்வார்ப்புப் பிறந்தபின் தோன்றியது. இது தப்பாது. இதற்கு மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்று மிகப் பெயர்பெற்றது. எலிசபெத் பிரௌனிங் என்னும் ஆங்கிலப் புலவர் பாடல்களின் அரிய முதற்பதிப்பென்று, ரெடிங் நகரில் 1847 இல் அச்சானதாக முகப்பேட்டிற் குறித்த சிறு நூலொன்று பெருவிலைக்கு விற்கப்பட்டு வந்தது. கார்ட்டர், பொல்லார்டு என்னும் இருவர் அதனையும் அதன் இனமான பலவற்றையும் ஆராய்ந்து 1934 இல் நூலொன்று வெளியிட்டனர். தாள் வேதியியல் முறையில் ஆக்கிய மரக்கூழாலானது; அத்தகைய தாள் 1874 க்கு முன் இங்கிலாந்தில் நூலச்சுக்கு வரவில்லை. அவற்றுட் பலவற்றின் எழுத்து வார்ப்போ, எஃப், ஜே என்னும் எழுத்துக்களின் வளைவு தன் உடலைக் கடந்து நீளாதபடி திருத்திச் செய்யப்பட்டது. அத்திருத்தம் 1880 ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முன் இல்லை. ஆகவே முகப்பேடு கூறிய ஆண்டு பொய். அவற்றைச் சந்தைக்குக் கொணர்ந்தவர், நூற்பட்டியல் வல்லார் என்று உலகம் மதித்த தாமஸ் வைஸ் என்பவர். முகப்பேட்டு உரையினும் எழுத்துக் காட்சி வலிதாயிற்று.

ஆனால் மறுதலையாகக் கூறுதல் கூடாது. புதிய வார்ப்பு காணப்படவில்லை. ஆகவே நூல் பழையது என்பது அநுபலத்தியின் பாற்படும். அநுபலத்தி, பொருள் உளதாயின் அவ்விடத்துக் காணப்பட்டேயிருக்கும் என்னும் தகுதி உள்வழியே ஏதுவாம், அல்லாவழி ஏதுப்போலி. 1910 இல் ஒரு சிறு கூடத்தார் புதிய வார்ப்பு வாங்கியேயிருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லையாதலின், புதியது இன்மை பழைமைக்கு ஏதுவாகாது. துதிக்கை வடிவ ஐகாரத்தைக் கண்டு பழைமை கூறுவார் தவறுவது ஈண்டே. லை, ளை, ணை, னை என்பவற்றுக்கு அவ்வடிவமும், ணா, றா, னா முதலியவற்றுக்குப் பழைய வளைவும் தமிழ்நாட்டில் 1978 இல் அரசாங்க ஆணை பிறக்கும் வரையிற் பொதுவழக்காயிருந்தன. 1935 முதற் பெரியார் தம் பத்திரிகையில் மாற்றி வழங்கியது அக்காலத்திற் சிறுபான்மையே. ஆகலின் பழைய ஐகாரம் காட்டுவது 1978 ஐ ஒட்டியோ அதற்கு முன்னோ என்னும் அத்துணையே.

வடிவ ஒப்புமையால் ஏமாந்தாருள் வல்லுநரும் உளர். பிரான்சு தேசத்து அரசாங்க அச்சகத்திற் காக்கப்பட்ட ஒரு வார்ப்பு, 16 ஆம் நூற்றாண்டின் கரமோன் என்னும் செதுக்காளர் செய்ததென்று நெடுங்காலம் போற்றப்பட்டது. 1926 இற் பியாட்ரிஸ் வார்ட் என்னும் அம்மையார், ஆண் பெயரொன்று புனைந்து எழுதிய கட்டுரையில், அது 17 ஆம் நூற்றாண்டின் ஜனோன் என்பவர் செய்தது என்று நாட்டினார். ஜனோன் தாமே 1621 இல் வெளியிட்ட மாதிரித்தாள் அவர்க்கு உதவியது. ஆண்டும் பெயரும் தெரிந்த மாதிரியோடு ஒப்பிடாத எழுத்தறிவு, ஐயக்காட்சியும் திரிபுக்காட்சியுமாய் முடியும் என்பதற்கு இதனினும் கரி வேண்டா.

ஒரு பிரதியை ஆராயுமாறு

சாதாரண வருடம் என்று மாத்திரம் குறித்த சாத்திரப் பிரதியொன்று நம் கைக்கு வந்ததாகக் கருதுவோம். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1850-51 ஆகலாம்; 1910-11 ஆகலாம்; 1970-71 ஆகவும் கூடும். மூன்றும் 1978 க்கு முற்பட்டன ஆகலின் ஐகார வடிவம் இவற்றைப் பிரித்தறிய உதவாது. தாளைப் பார்க்க. மரக்கூழ்த் தாளாயின் 1850 நீங்கும். பக்கத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்க்க. ஈயவெழுத்து அழுந்திய தழும்பு இல்லையாயின், பழைய நூலைப் படம் பிடித்து மீட்டும் அச்சிட்ட பிரதியாதல் கூடும்; ஆண்டு எழுத்து முன்னோரது, நூல் பின்னோரது. அச்சிட்டவர் பெயரும் இடமும் குறித்தல் வேண்டும் என்பது 1867 ஆம் ஆண்டு 25 ஆம் சட்டத்தின் விதியாயிருந்தது. அச்சட்டத்தின்படி சென்னை அரசாங்கத்தார் காலாண்டுதோறும் வெளியிட்ட நூற்பட்டியல்கள் உள. 1910 என ஐயுற்றவழி அவற்றைத் தேடுக. இவையெல்லாம் செய்தபின், அக்கூடத்தாரின் ஆண்டு தெரிந்த நூல்களோடு இருபது வரியளவும் சிதைந்த எழுத்தும் ஒப்பிடுக. நூலில் வடமொழி மேற்கோள் இருப்பின் கிரந்த எழுத்தைச் சிறப்பாக நோக்குக. கிரந்த வார்ப்பு உடைய கூடங்கள் சிலவேயாகலின் அவ்வடையாளம் விரைவிற் பயன்தரும். மூலமும் உரையும் வெவ்வேறளவு எழுத்தில் உளவா, ஓரளவிலா என்பதையும் குறித்துக்கொள்க. ஓரளவில் அச்சிட்ட நூல்களில் உரைத்தொடர் மூலத்திற் கலந்துவிடுதல் எளிது.

இவ்வளவும் செய்தபின்னும் ஆண்டு துணியப்படாதாயின், துணியப்படவில்லை என்று எழுதுவதே நேர்மை. 1850 அல்லது 1910 என்று இரண்டும் எழுதுவது குறையாகாது. இரண்டனுள் விரும்பிய ஒன்றை எழுதுவதே குறை.

இக்காலத்துக் கணினி வழியே பழம்பதிப்புக்களின் படங்கள் பலர்க்கும் எளிதிற் கிடைக்கின்றன. அது பெரும்பேறே. ஆயினும் படத்தில் எழுத்தின் உண்மையளவு தெரியாது. தாளும் தழும்பும் தெரியா. படமெடுப்போர் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தருகே வைத்து எடுப்பாராயின் இருபது வரியளவேனும் பெறப்படும். முகப்பேடும், பின்னட்டையும், வெற்றுத்தாளும், பிழைதிருத்தமும் பயனிலவென்று விடாது எடுத்தல் வேண்டும்.

முடிபு

ஆதீனங்களின் நூல்நிலையங்களிலும், 1943 இல் நிறுவப்பட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திலும், 1994 இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் ஆண்டும் கூடமும் தெளிவாகக் குறித்த சைவப் பதிப்புக்கள் பல உள. வித்தியாநுபாலன யந்திரசாலை, சிவஞானபோத யந்திரசாலை என்னும் இரண்டன் நூல்களை முதற்கண் எடுத்து, ஒவ்வொன்றற்கும் இருபது வரியளவு, ஈ, ஐ, ஞ, ண, ழ, ற, ன, லை, னை என்பவற்றின் வடிவம், காலும் கொம்பும் புள்ளியும், கிரந்த எழுத்து, சிதைந்த எழுத்துக்களின் படம் ஆகிய இவற்றைக் குறித்து ஒரு பட்டியல் வகுத்தால், முகப்பேடு இழந்த பிரதிகளை அதனோடு ஒப்பிட்டு அறிய வழி பிறக்கும். இது தனியொருவராற் செய்து முடியும் பணியன்று. சமாஜங்களும் கல்லூரி மாணவரும் கூடி இயற்றற்பாலது. இப்பணி முடியும் வரையிலாவது, எழுத்தின் தோற்றத்தாற் பழையது என்னும் ஒரு வரியை முன்னுரைகளினின்று நீக்கிவிடுமாறு பதிப்பாசிரியர்களை வேண்டிக்கொள்கின்றோம். அவ்வரியை நம்பி மூலத்தில் ஏறிய பாடங்கள் எவையெவை என்று மீள ஆராய்தலும் அவர்க்கே கடன்.

சந்தான குரவர் அருளிய சொல் இன்னதென்று தெளிந்தபின்னரே அதன் பொருளைப் பற்றி வாதிடல் வேண்டும். சொல்லைத் தெளிதற்கு உதவும் கருவி ஈயமாயினும் ஓலையாயினும் இகழற்பாலதன்று. காட்சியளவைக்கு எட்டும் பொருளை உத்தேசத்தால் முடிவு செய்தல் அளவை கற்றார்க்கு இழுக்கு.

சிவம்.